லிங்கன் உங்களுக்கு எழுதியவை: நார்மன் ஜட் அவர்களுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய நார்மன் ஜட் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பக்கம் லிங்கன் கடிதம் என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான் நினைவுக்கு வரும். தன் மகனின் ஆசிரியருக்கு அவர் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம். பள்ளி ஆண்டு மலர், மேடைப் பேச்சு, வாட்ஸாப் என்று அது சுற்றாத இடமில்லை. அதை அவர் எழுதினார் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. அவர் உண்மையிலேயே எழுதிய கடிதங்கள் ஆயிரக்கணக்கில் பத்திரமாக இருக்கும்போது இல்லாத ஒன்றை இத்தனை பேர் மனப்பாடம் செய்திருக்கிறோமே என்று எனக்கு வருத்தம் உண்டு. அந்த உண்மையான கடிதங்களில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டவை உங்களுக்கு வந்தவை. அதனால்தான் இந்தக் கடிதத்தை உங்கள் பெயருக்கு எழுதுகிறேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. நீங்கள் சிகாகோ வக்கீல், ரயில்வே கம்பெனிகளுக்கு வாதாடியவர், இல்லினாய் மாநில செனட்டில் பல ஆண்டுகள் இருந்தவர், குடியரசுக் கட்சியின் மாநிலக் குழுத் தலைவர். 1857-ல் ராக் ஐலண்ட் பாலம் வழக்கில் நீங்களும் லிங்கனும் ஒரே பக்கம் நின்று வாதாடினீர்கள். 1858-ல் செனட் பதவிக்குப் போட்டியாளரான ஸ்டீபன் டக்ளஸை நேருக்கு நேர் விவாதத்துக்கு அழைத்து லிங்கன் எழுதிய சவால் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் நீங்கள்தான்.

ஆனால் உங்கள் இருவரின் கதை அதற்கு முன்பே, ஒரு தோல்வியில் தொடங்குகிறது. 1855 பிப்ரவரி 8. அமெரிக்க செனட்டுக்கு ஆள் அனுப்ப இல்லினாய் சட்டமன்றம் கூடியிருக்கிறது. முதல் சுற்றில் லிங்கனுக்கு 44 வாக்கு, அப்போது பதவியில் இருந்த ஜனநாயகக் கட்சி செனட்டர் ஷீல்ட்ஸுக்கு 41, லைமன் டிரம்புல்லுக்கு வெறும் 5. அந்த ஐந்து பேரில் நீங்கள் ஒருவர். அடிமை முறையைப் புதிய பிரதேசங்களுக்குப் பரப்பும் சட்டத்தை எதிர்த்தாலும் நீங்கள் எல்லாரும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள், உங்கள் போட்டிக் கட்சியாக இருந்த பழைய விக் கட்சியைச் சேர்ந்த லிங்கனுக்கு வாக்குப் போட மனம் வரவில்லை, கடைசிவரை அசையவே இல்லை. எதிரணியின் மேட்டிசன் ஜெயித்துவிடுவார் என்ற நிலை வந்தபோது லிங்கன் தன் ஆட்களை டிரம்புல்லுக்குப் போடச் சொன்னார். பத்தாவது சுற்றில் 51 வாக்குடன் டிரம்புல் ஜெயித்தார். மறுநாள் இல்லினாய் காங்கிரஸ் உறுப்பினர் வாஷ்பர்னுக்கு லிங்கன் எழுதிய கடிதத்தில், ஐந்து பேருக்காக 44 பேர் விட்டுக்கொடுப்பது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது, தோற்றதில் மிதமான வருத்தம், அதனால் பதறிப்போய்விடவில்லை என்று சொல்லியிருக்கிறார். அவர் மனைவி மேரியால் அப்படி விட முடியவில்லை. அது பிறகு உங்கள் தலையில் வந்து விடிந்தது.

அடுத்த ஆண்டே நீங்கள் எல்லாரும் ஒரே கட்சி, புதிய குடியரசுக் கட்சி. பழைய விக்குகள், பழைய ஜனநாயகக் கட்சிக்காரர்கள், ஜெர்மானியக் குடியேறிகள், அந்தக் குடியேறிகளையே வெறுத்த ‘அமெரிக்கக் கட்சி’ ஆட்கள், அடிமை ஒழிப்பாளர்கள். நேற்றுவரை ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தவர்கள் இன்று ஒரே மேடையில். அப்படிப்பட்ட கட்சியை ஒட்டவைத்தது கொள்கை மட்டும் இல்லை, இந்தக் கடிதங்களும்தான் என்று நான் நம்புகிறேன். 1859 ஜூலையில் இண்டியானாவின் குடியரசுக் கட்சித் தலைவர் ஸ்கைலர் கோல்ஃபாக்ஸுக்கு லிங்கன் எழுதியதும் இந்தக் கவலையில்தான்: ஒவ்வோர் ஊர்க்காரரும் தன் மூக்குக்கு அப்பாலும் பார்க்க வேண்டும், நமக்குள் ஒத்துவராது என்று தெரிந்த விஷயத்தில் வாயைத் திறக்காமலாவது இருக்க வேண்டும்.

1858 செனட் தேர்தலில் டக்ளஸிடம் லிங்கன் தோற்றார். மாநிலக் குழுவுக்குக் கடன். நீங்கள் பணம் கேட்டு எழுதினீர்கள். நவம்பர் 16-ம் தேதி அவர் எழுதிய பதிலைப் படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிடும். இத்தனை நாளாகச் சம்பாத்தியம் இல்லாமல் செலவே செய்துகொண்டிருந்தேன், இப்போது வீட்டுச் செலவுக்குக்கூடக் கையில் காசில்லை என்கிறார். சொல்லிவிட்டு, இருந்தாலும் என் பெயரில் 250 டாலர் நீங்கள் போட்டுவிடுங்கள், நமக்குள் இருக்கும் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்கிறார். தோற்ற வேட்பாளர், தோற்றதற்கான கடனையும் தானே ஏற்கிறார். அப்புறம், நீங்கள் மனம் சோர்ந்திருக்கிறீர்கள், இதுவும் கடந்துபோகும், பயப்படாதீர்கள் என்று உங்களுக்கு ஆறுதல் வேறு. தோற்றது யார், தேற்றுவது யார் என்று பாருங்கள்.

எல்லாக் கடிதமும் இப்படி மனதை உருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் தேர்தலுக்குச் சற்று முன், அக்டோபர் 20-ம் தேதி உங்களுக்கு வந்ததில், இல்லினாயில் உள்ள நேப்பிள்ஸ் என்ற ஊரில் ரயிலிலிருந்து இறங்கி நடந்தபோது கையில் கறுப்புப் பையோடு பதினைந்து ஐரிஷ்காரர்களைப் பார்த்தேன், கள்ள வாக்குப் போட வந்தவர்களாக இருக்கும் என்று சந்தேகப்படுகிறார். அவர்களுக்கு நடுவே நம் ஆளை நுழைத்து அவர்களின் வாக்கைத் திருப்ப முடியுமா என்று யோசனையும் சொல்கிறார். அந்தப் பக்கத்தை நான் விரும்பிப் படிப்பதில்லை. அதுவும் அவர் கையெழுத்துதான் என்பதால் மறைக்காமல் சொல்கிறேன்.

இனி 1859 டிசம்பர். சிகாகோவில் உங்கள் கட்சிக்காரரே ஆன முன்னாள் மேயர் ‘லாங் ஜான்’ வென்ட்வொர்த் தன் பத்திரிகையில் உங்களை விளாசிக்கொண்டிருக்கிறார். 1855-ல் லிங்கன் காலை வாரியவர், 1858-லும் உள்ளடி வேலை பார்த்தவர், இப்போது டிரம்புல்லைத் தூக்கிவிட லிங்கனைப் பலி கொடுக்கப் பார்க்கிறவர் என்றெல்லாம். நீங்கள் கவர்னர் வேட்பாளராக வர ஆசைப்பட்ட நேரம் அது. பொறுக்க முடியாமல் அவர் மேல் அவதூறு வழக்கும் போட்டீர்கள். டிசம்பர் 1-ம் தேதி லிங்கனுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினீர்கள். அதில் அவர் மீதே கோபம். உங்களுக்காக இத்தனை உழைத்தேன், உங்கள் ஆட்களே என்னைத் தின்கிறார்கள், நீங்கள் பேசாமல் இருக்கிறீர்களே என்ற கோபம்.

ஒன்பதாம் தேதி பதில் வந்தது. கான்சாஸிலிருந்து இப்போதுதான் வீடு வந்து சேர்ந்தேன், உங்கள் கடிதத்தில் என்னைக் குறை சொல்லும் தொனி இருக்கிறது, அது அவ்வளவு நியாயமில்லை என்று நினைக்கிறேன், ஆனால் அதில் பிடிவாதம் பிடிக்கப் போவதில்லை என்று ஆரம்பிக்கிறார். அப்புறம் வருவதுதான் முக்கியம். ‘நீங்கள் எனக்கு எதிராக டிரம்புல்லுக்கு வாக்களித்தது நடந்தது. அது எனக்குச் செய்த அநியாயம் இல்லை என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். ஆனாலும் நடந்ததை என்னால் மாற்ற முடியாது, அதைப் பற்றிப் பேசாதே என்று யாரையும் கட்டாயப்படுத்தவும் முடியாது.’ 1858-ல் துரோகம் செய்தீர்கள் என்பதை அவர் பொய் என்கிறார், அக்கிரமம் என்கிறார். நானும் டிரம்புல்லும் ஒரே பதவிக்கு நின்றால் அவரை ஆதரிக்க உங்களுக்கு உரிமை உண்டு, அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் எனக்கு வேலை செய்வதாகச் சொல்லிக்கொண்டு அவருக்கு வேலை செய்கிற ஆள் நீங்கள் இல்லை என்கிறார். கூடவே, ஜனாதிபதி பதவியைவிட செனட்டில் ஒரு முழுப் பதவிக்காலமே எனக்குப் பிடிக்கும் என்றும் சொல்லிவிடுகிறார்.

கட்சிக்காரர்களுக்குள் சமாதானம் என்றால் நாம் பழகியது ‘பழையதை மறப்போம்’ என்கிற சமாதானம். இந்தக் கடிதம் எதையும் மறக்கவில்லை. 1855-ஐ அப்படியே மேசை மேல் வைத்து, இது நடந்தது, இது நடக்கவில்லை என்று பிரிக்கிறது. உங்கள் கோபத்தையும் விழுங்கச் சொல்லவில்லை. நீங்கள் கோபத்தை எழுதி அனுப்பியிருக்காவிட்டால் இந்தப் பதிலே வந்திருக்காது. அதனால் இதில் பாதிப் பெருமை உங்களுக்கு உரியது என்பேன்.

ஐந்து நாள் கழித்து, 14-ம் தேதி, சிகாகோ கட்சிக்காரர்கள் மூவருக்கு வெளியில் காட்டக்கூடிய ஒரு கடிதம் எழுதி உங்கள் நேர்மைக்குச் சாட்சி சொன்னார். ஆனால் உங்களுக்கும் வேறு குடியரசுக் கட்சிக்காரருக்கும் போட்டி என்று வந்தால் தான் எந்தப் பக்கமும் இல்லை என்பதையும் சேர்த்தே எழுதினார். அந்த வரியை அன்று நீங்கள் எப்படிப் படித்தீர்களோ. அதே தேதியில் உங்களுக்கும் ஒரு கடிதம்: ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சியின் தேசிய மாநாட்டை நம் மாநிலத்துக்குக் கொண்டுவருவதற்கு நான் கொடுப்பதைவிட இங்குள்ள நண்பர்கள் அதிக முக்கியத்துவம் கொடுக்கிறார்கள், அதை உங்களிடம் சொல்லச் சொன்னார்கள். அவருக்கு அது பெரிதாகப் படவில்லை. உங்களுக்குப் பட்டது. டிசம்பர் 21-ல் நியூயார்க்கின் ஆஸ்டர் ஹவுஸ் ஹோட்டலில் தேசியக் குழு கூடியபோது, இல்லினாயில் பெரிய வேட்பாளர் யாரும் இல்லை, அதனால் சிகாகோ நடுநிலையான இடம் என்று பேசி, ஒரே ஒரு வாக்கில் செயின்ட் லூயிஸைத் தோற்கடித்தீர்கள்.

கைம்மாறு கேட்டு அவர் எழுதியது 1860 பிப்ரவரி 9. ‘தேசிய அளவில் என்னை வேட்பாளராக அறிவிக்காவிட்டால் எனக்குப் பெரிதாக வலிக்காது. ஆனால் இல்லினாய் பிரதிநிதிகள் எனக்குக் கிடைக்காவிட்டால் வலிக்கும்.’ உங்களுக்காகச் சாட்சி சொன்னதால் உங்கள் எதிரிகள் என் மேல் பாய்கிறார்கள், தெற்கே பேட்ஸ், வடக்கே சிவர்ட் என்று போட்டி வேட்பாளர்களுக்கு ஆதரவைத் திருப்பி என்னை நடுவில் நசுக்கிவிடுவார்கள், உங்கள் பக்கத்துத் தோட்டத்தில் எனக்காகக் கொஞ்சம் வேலை பார்க்க முடியாதா என்று கேட்டுவிட்டு, இது நமக்குள் இருக்கட்டும் என்று முடிக்கிறார். ஒரு வாரத்தில், 16-ம் தேதி, சிகாகோ டிரிப்யூன் லிங்கனை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. மே மாதம் சிகாகோ மாநாட்டில் நீங்கள் செய்ததை எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். ரயிலில் சலுகைக் கட்டணம், மாநாடு நடந்த விக்வாம் அரங்கில் சிவர்டின் நியூயார்க் ஆட்களை ஒரு மூலையிலும் ஊசலாடிக்கொண்டிருந்த பென்சில்வேனியாவை எட்டத்திலும் உட்கார வைத்த இருக்கைத் திட்டம், பெயரை முன்மொழிந்த அந்த ஒற்றை வாக்கியம். முதல் சுற்றில் சிவர்ட் 173½, லிங்கன் 102. மூன்றாவதில் 231½. தேவையோ 233. ஒஹாயோ நான்கு வாக்கை மாற்றியது, முடிந்தது.

அதற்குப் பிறகு வேட்பாளர் ஸ்பிரிங்ஃபீல்டை விட்டு நகர்ந்து பிரசாரம் செய்யவில்லை. வேட்பாளர் தானே ஊர் ஊராகப் போவது கௌரவக் குறைவு என்று கருதிய காலம். கொள்கை விளக்கம் கேட்டு எழுதியவர்களுக்கு ஒரே மாதிரியான பதில் அச்சுப் பிசகாமல் போனது: எதையும் புதிதாக எழுதாதீர்கள் என்று கெஞ்சுபவர்கள்தான் அதிகம் என்று. ஆனால் கட்சிக்குள் பேனா ஓயவில்லை. துணை ஜனாதிபதி வேட்பாளர் ஹாம்லினுக்கு ஜூலை 18-ல், நாம் இருவரும் அறிமுகமாகிக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது என்று எழுதுகிறார். ஒரே வாக்குச் சீட்டில் பெயர் இருந்தும் இருவருக்கும் பழக்கமில்லை. செப்டம்பரில், மெய்ன் மாநிலத்தில் பின்னடைவு வரும் என்று ஹாம்லின் யாருக்கோ எழுதியதாகக் கேள்விப்பட்டதும், அப்படி நடந்தால் பென்சில்வேனியாவும் இண்டியானாவும் போய்விடும், ‘நீங்கள் அதை அனுமதிக்கக் கூடாது’ என்று ஒரே போடு. குவின்சியில் இருந்த யூத வக்கீல் ஏப்ரகாம் ஜோனஸுக்கு, குடியேறிகளை எதிர்க்கும் அமைப்பில் தான் ஒருநாளும் இருந்ததில்லை என்று ரகசியமாகச் சொல்கிறார். ஆனால் இதை நான் பொருட்படுத்துவதாக வெளியே தெரியவே கூடாது என்கிறார், அந்த அமைப்பினரின் வாக்கும் வேண்டியிருந்ததால். அது எனக்கு உறுத்துகிறது. அன்றைய கணக்கு புரிகிறது, உறுத்தல் போகவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். லிங்கன் ஜெயித்த பிறகு அமைச்சரவையில் உங்களுக்கு ஓர் இடம் கிடைக்கும் என்று நீங்கள் நம்பினீர்கள். மாநாட்டில் லிங்கனுக்காக முன்நின்று வேலை பார்த்த நீதிபதி டேவிட் டேவிஸ் எதிர்த்தார். 1861 ஜனவரியில் மேரி லிங்கன் டேவிஸுக்கு எழுதிய கடிதத்தில் உங்கள் வியாபார நாணயத்தையே சந்தேகித்தார். 1855-ன் வடு ஆறவே இல்லை. ஜனாதிபதியே இல்லினாய்க்காரர், இன்னொருவரும் அங்கிருந்தா என்ற கேள்வியிலும் நியாயம் உண்டு. மாநாட்டின்போது ‘என்னைக் கட்டுப்படுத்தும் எந்த ஒப்பந்தமும் செய்யாதீர்கள்’ என்று ஒரு பத்திரிகையின் ஓரத்தில் எழுதி அனுப்பியவர், இண்டியானாவின் கேலப் ஸ்மித்துக்கும் பென்சில்வேனியாவின் சைமன் கேமரனுக்கும் அமைச்சர் பதவி கொடுத்தார். இதற்கு நடுவே, பிப்ரவரியில் அதே ஆஸ்டர் ஹவுஸில், பால்டிமோரில் லிங்கனைக் கொல்லச் சதி நடக்கிறது என்ற துப்பறிவாளர் பிங்கர்ட்டனின் கடிதத்தை அவருடைய பெண் துப்பறிவாளர் கேட் வார்ன் கொண்டுவந்து கொடுத்தது உங்கள் கையில். அவரைப் பத்திரமாக வாஷிங்டன் சேர்க்கும் ஏற்பாட்டில் முன்நின்றவர்களில் நீங்களும் ஒருவர். அதற்கப்புறம் உங்களுக்குக் கிடைத்தது பெர்லினில், பிரஷ்யாவுக்கான அமெரிக்கத் தூதர் வேலை.

லிங்கனை நான் மிகவும் மதிக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் அவர் உங்களுக்குக் கடன்பட்டார், அதைத் தீர்க்கவில்லை என்றே நினைக்கிறேன். ரகசியமாகச் சொன்ன நம்பிக்கையை வாஷிங்டனில் வெளிப்படையாக நிறுத்திக் காட்டும் வாய்ப்பு அவருக்கு வந்தது, அவர் நழுவவிட்டார். கேமரனை எடுத்ததால் அவருக்கு என்ன கிடைத்தது? அவர் கவனித்த போர்த் துறையில் ஒப்பந்த ஊழல் புகார்கள் குவிந்து, 1862 ஜனவரியில் கேமரனை மாற்றிவிட்டு எட்வின் ஸ்டான்டனைக் கொண்டுவர வேண்டியதாயிற்று, கேமரனையும் தூதராக ரஷ்யாவுக்கு அனுப்பினார்கள்.

மரியாதையுடன்,
உங்கள் கடிதங்களின் ஒரு வாசகர்