ஆய்வு முடிவுகளைத் தமிழில் சிறுநூல்களாக வெளியிட நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

எமது மட்டக்களப்பு மாவட்டத்தின் வாவியையும் கிணறுகளையும் நோய்களையும் பிள்ளைகளின் படிப்பையும் பல்கலைக்கழகங்கள் தொடர்ந்து ஆராய்ந்து வருகின்றன. நீர் மாதிரி எடுக்க வருவோருக்கு வளவைத் திறந்துவிடுபவர்களும் வினாக்கொத்துகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்பவர்களும் எம்மவர்களே. ஆயினும் முடிவுகள் பெரும்பாலும் ஆங்கில ஆய்விதழ்களில் வெளிவருவதால், தன் கிணற்றில் என்ன கண்டார்கள் என்பது கிணற்றுக்காரருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. அம்முடிவுகளை ஆய்வாளர்களின் அனுமதியுடன் எளிய தமிழில் 32 பக்கச் சிறுநூல்களாக அச்சிட்டு, வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரை, மேற்கேயுள்ள படுவான்கரை இரண்டிலுமுள்ள வாசிகசாலைகளுக்கும் பாடசாலைகளுக்கும் இலவசமாக வழங்கும் பணிக்கே உங்கள் உதவியை நாடுகிறோம்.

முதல் நூல் டெங்கு நுளம்பைப் பற்றியது. இந்நுளம்பு தெளிந்த நன்னீரில்தான் பெருகும் என்று சிரமதானங்களிலும் ஒலிபெருக்கி அறிவித்தல்களிலும் கேட்டே பழகியிருக்கிறோம். ஆனால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்களும் பங்குகொண்டு 2011இல் வெளியிட்ட ஆய்வொன்று, கரையோரங்களில் கைவிடப்பட்ட படகுகளிலும் பாவனையற்ற கிணறுகளிலும் வீசப்பட்ட பிளாஸ்ரிக், கண்ணாடிக் கொள்கலன்களிலும் தேங்கிய உவர்நீரில் டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பின் குடம்பிகள் இருந்ததைக் காட்டியது. அந்நீரில் ஆயிரத்துக்கு 2 முதல் 15 பங்கு வரை உப்பு இருந்தது. கடல்நீரில் இருப்பது ஏறத்தாழ 35 பங்கு. வாவிக்கரையில் உடைந்த தோணியொன்று மாரித் தண்ணீரும் வாவி நீரும் கலந்து தேங்க மல்லாந்து கிடந்தால், "அது சவர்த் தண்ணிதானே, அதில நுளம்பு வராது" என்று இன்றும் கடந்து போகிறோம். தோணியைக் கவிழ்த்துப் போட ஒரு சதமும் செலவில்லை; ஆனால் கவிழ்க்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். பத்தாண்டுகளுக்கு மேலாகியும் இச்செய்தி பரவலாக எட்டாதிருப்பதற்கு ஆய்வாளர்களைக் குறைகூற முடியாது. எடுத்துச் சொல்லும் வேலையை யாரும் பொறுப்பேற்கவில்லை என்பதே எமது கருத்து.

இரண்டாவது நூல் கிணற்று நீர் பற்றியது. களுதாவளை போன்ற ஊர்களில் மணற்பாங்கான நிலத்திலேயே மரக்கறியும் வெற்றிலையும் செழிக்கின்றன. அத்தகைய மண் நீரை விரைவாகக் கீழே விடுவதால், அளவுக்கு மிஞ்சி இடப்படும் யூரியாவின் ஒரு பகுதி நைத்திரேற்றாக மாறி, ஆழமற்ற நிலத்தடி நீரைச் சென்றடையக்கூடும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். மிகுந்தால், புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றல் குறையும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். இதைத் தாய்மாருக்கு அச்சமூட்டாமலும் மழுப்பாமலும் எழுதுவது எளிதன்று. ஆகவே இந்நூலை வைத்தியர் ஒருவர் பார்வையிட்ட பின்னரே அச்சுக்குக் கொடுப்போம்.

மூன்றாவது நூல் கல்வி பற்றியது. உயர்தரம் வரை தமிழில் விஞ்ஞானம் கற்றுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு மாறும் மாணவரின் இடர்ப்பாடுகளையும், மாரி வெள்ளத்தில் பாதைகள் துண்டிக்கப்படும் படுவான்கரைப் பாடசாலைகளின் நிலையையும் அதில் எடுத்துக்கொள்ள எண்ணியுள்ளோம்.

மொழிபெயர்ப்பையும் ஒப்புநோக்கலையும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஊதியமின்றிச் செய்கின்றனர். கடதாசி, அச்சுக்கூலி, படம் வரைதல், விநியோகம் ஆகியவற்றுக்கே பணம் வேண்டும். ஒவ்வொரு நூலிலும் 1,000 பிரதிகள் அச்சிடத் திட்டமிட்டுள்ளோம். முழு நூலின் செலவையும் ஏற்க விரும்புவோர் ஏற்கலாம். தம் ஊர் வாசிகசாலைக்குரிய சில பிரதிகளின் செலவை மட்டும் தருவோரையும் அதே நன்றியுடன் வரவேற்போம். நன்கொடையாளர் பெயர்கள் கடைசிப் பக்கத்தில் அகரவரிசையில் வரும். அட்டையில் எவருடைய படமும் வராது (இதைக் கேட்டுச் சிலர் பின்வாங்கியதும் உண்டு). உரமும் கிருமிநாசினியும் விற்கும் நிறுவனங்களிடம் பணம் பெறுவதில்லை எனவும் தீர்மானித்துள்ளோம்.

ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு வழங்கப்படும். முதல் நூல் அச்சேறியதும், வரவு செலவுக் கணக்கை நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பிவைத்த பின்னரே இரண்டாவது நூலுக்கான பணத்தைச் செலவிடுவோம்.

இங்ஙனம்,
வெளியீட்டுக் குழுவினர்,
மட்டக்களப்பு.