நாலு கம்பி கட்டி முடித்ததும் எழுதிய நன்றி மடல்

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

போன ஞாயிறு கீழவெளி வீதிப் பக்கம் ஒரு தேவாலயத்தில் காலைத் திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, எனக்கு முன்னால் நடந்த ஒரு பாட்டி மருமகளிடம், "இன்னைக்குப் பாட்டு என்னமோ நெறஞ்சு கெடந்துச்சுல்ல" என்றார். பாடகர் குழுவில் அதே ஆட்கள்தான். அதே கீபோர்டு, அதே ஸ்பீக்கர். புதிதாக வந்தது, குழுவில் வாசிக்கும் தம்பி என்னிடம் செய்யச் சொல்லித் தோளில் மாட்டியிருந்த பேஸ் கிட்டார் மட்டும். எட்டு மாதமாக வில்லாபுரத்தில் என் வீட்டு மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் உருவானது. நான் செய்தேன் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். ஆனால் அதில் பாதிக்கு மேல் உங்கள் வேலை. பாட்டி சொன்ன அந்தச் சொல் யாருக்கெல்லாம் போய்ச் சேர வேண்டுமோ அவர்களில் ஒருவர்கூட அன்று அங்கே இல்லை. அதனால்தான் இந்த மடல்.

உங்களில் பலர் வேலையை முடித்துக் கையில் கொடுத்த பிறகுதான், "இது என்னப்பா, நாலு கம்பிதான் இருக்கு?" என்று கேட்டீர்கள். அப்போது அவசரத்தில் சரியாகச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். சாதாரண கிட்டாரின் தடித்த நாலு கம்பிகளை ஒரு ஸ்தாயி கீழே இறக்கினால் அது பேஸ். மிகத் தடித்த கம்பி நொடிக்கு 41 முறை அதிரும், அடுத்தது 55, பிறகு 73, கடைசிக் கம்பி 98. முன்பெல்லாம் இந்த வேலையை ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ்தான் செய்தது. அதில் ஃப்ரெட், அதாவது விரல் வைக்கும் பலகையில் குறுக்கே பதிக்கும் உலோகக் கோடு, கிடையாது. சுருதி முழுக்க விரலை நம்பி நின்றது. 1951-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் தோளில் மாட்டிக்கொள்கிற மாதிரி, ஃப்ரெட் பதித்த, 34 அங்குலக் கம்பி நீளம் கொண்ட ஒன்றைக் கொண்டுவந்தார். ஃப்ரெட் இருந்ததால் சுருதி துல்லியமாக விழுந்தது; பிரிசிஷன் என்று பெயர் வைத்ததும் அதனால்தான். இன்றும் உலகம் முழுக்க அந்த 34 அங்குலம்தான் பொது அளவு, நாம் செய்ததிலும் அதுவே.

கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்பும் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிக் கட்டிய காயில். மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் ஆடும், காயிலில் மின்சாரம் பிறக்கும். சைக்கிள் டைனமோ எரிகிற கணக்குதான்.

சிம்மக்கல் சந்தில் மோட்டார் காயில் கட்டும் அண்ணனிடமிருந்து தொடங்குகிறேன். இணையத்தில் பணம் கட்டி வாங்கிய, இரண்டு காயிலாகப் பிரிந்த ஒரு பிக்கப் பாதி செத்துப்போய் வந்தது. மீட்டர் வைத்தால் ஒரு பக்கம் 5 கிலோ ஓம் காட்டியது, மறுபக்கம் அசையவே இல்லை. விற்றவர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. பணம் போனதைவிட, தம்பிக்குச் சொன்ன நாள் போய்விடுமே என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது. செத்த காயிலைப் பையில் போட்டுக்கொண்டு அண்ணன் கடைக்குப் போனேன். வாசலில் போர்வெல் மோட்டார்கள், உள்ளே மிக்ஸியும் டேபிள் ஃபேனும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, காயிலை டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பியின் தடிமன் 0.063 மில்லிமீட்டர். அவர் கையில் நாள் முழுக்கப் புழங்குவது அதைப்போலப் பத்து மடங்கு தடித்த கம்பி. "வச்சிட்டுப் போ, பாக்குறேன்" என்பார் என்று நினைத்தேன். "உக்காரு" என்றார்.

அன்றிலிருந்து ஒன்பது ராத்திரி, கடை வேலை முடிந்து எட்டு மணிக்கு மேல், அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பாதிக்கு 9,000 சுற்று. நீட்டிப் போட்டால் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். ரயில் நிலையத்தில் இறங்கி மீனாட்சி அம்மன் கோயிலுக்கு நடந்து போகிற தூரம். அத்தனையும் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு சட்டத்துக்குள் அடங்க வேண்டும். அண்ணன் பழைய வேட்டித் துண்டை நாலாக மடித்து, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, அதன் வழியே கம்பியை ஓடவிட்டார். மூன்று முறை அறுந்தது. நாலாவது முறை ஃபேனை நிறுத்திவிட்டுக் காதைப் பக்கத்தில் கொண்டு போனார். "கம்பி பாடுது பாரு. கொரல் ஒசந்துச்சுன்னா அறுக்கப் போகுதுன்னு அர்த்தம்" என்றார். எனக்கு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. அரை மணி நேரம் கழித்துக் கேட்டது, ஈ பறக்கிற மாதிரி ஒரு மெல்லிய ரீங்காரம். அது ஏறும்போதெல்லாம் அவர் விரல் தளர்ந்தது. அதன்பின் ஒரு காயில்கூட அறுபடவில்லை.

இரண்டு பாதிகளையும் எதிரெதிர்ப் பக்கமாகச் சுற்ற வேண்டும், காந்தத்தையும் வடக்கு தெற்கு மாற்றி வைக்க வேண்டும். 1957-ல் ஃபெண்டர் கொண்டுவந்த ஏற்பாடு இது. வெளியிலிருந்து வரும் கரண்ட் உறுமல் இரண்டு பாதியிலும் எதிரெதிராகப் புகுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கம்பியின் ஓசையோ காந்தமும் சேர்ந்து மாறியிருப்பதால் கூடிக்கொண்டு வரும். இதை விளக்க நான் ஒரு தாள் முழுக்கப் படம் போட்டு எடுத்துப் போயிருந்தேன். அண்ணன் தாளைப் பார்க்கவே இல்லை. "ஒரு காயில் திரும்பிப் போச்சுன்னா மோட்டார் உறுமும்ல, அதத்தான நீ வேணும்னே திருப்பிப் போட்டுச் சரி பண்ணச் சொல்ற?" என்றார். முடித்ததும் மீட்டர் வைத்தோம். 5.2, 5.3. இரண்டும் சேர்ந்து 10.5 கிலோ ஓம். கைச்சுற்றில் அவ்வளவு நெருக்கமாக வந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

காயிலை உருகிய மெழுகில் ஊறவைக்க வேண்டும். இல்லையென்றால் சத்தம் கூட்டும்போது உள்ளே சுற்றுகள் ஆடி வீறிடும். சூடு 65 டிகிரியைத் தாண்டிப் போனால் பிளாஸ்டிக் சட்டம் வளைந்துவிடும். அடுப்பில் நேரடியாக வைக்க முடியாது. அத்தை தன் மில்க் குக்கரை எடுத்துக் கொடுத்தார். சுற்றிலும் தண்ணீர் நிற்பதால் மெழுகு மெதுவாக, ஒரே சீராக உருகியது. முப்பது வருடம் பால் காய்ச்சிய பாத்திரம் அது. இனி அதில் பால் காய்ச்ச முடியாது என்று தெரிந்தே கொடுத்தீர்கள் அத்தை, புதிது வாங்கி வந்தபோது கோபித்தும் கொண்டீர்கள். இரண்டையும் மறக்க மாட்டேன்.

அப்புறம் ஆசாரி ஐயா. என் முதல் பேஸை முழுக்கத் தேக்கில் செய்து 5 கிலோவுக்கு மேல் போய்விட்டது. இரண்டு மணி நேரக் கச்சேரி வாசித்தவருக்குத் தோள் இறங்கிப்போனது. ஐயா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பாடிக்கு மலைவேம்பு போடச் சொன்னார். மலைவேம்பை யாரும் கிட்டாருக்குச் சொல்லி நான் கேட்டதில்லை. இந்த முறை எல்லாம் சேர்த்து 3.9 கிலோ. நெக்குக்கு, அதாவது கிட்டாரின் கழுத்துக்கு மட்டும், அவர் தேக்கை விட்டுக்கொடுக்கவில்லை. செட்டிநாட்டுப் பக்கம் இடித்த வீட்டிலிருந்து வந்த உத்தரத்தில், வைரம் பாய்ந்த பாகமாகப் பார்த்து, முனையில் வளையக் கோடுகள் நெட்டுக்குத்தாக நிற்கும் துண்டைத் தேர்ந்தெடுத்தார். நாலு கம்பியும் முறுக்கேறினால் சுமார் 75 கிலோ இழுப்பு அந்த மரத்தின் மேல் எப்போதும் நிற்கும். உள்ளே வளையாமல் தாங்க டிரஸ் ராட் என்கிற இரும்புக் கோல் இருந்தாலும் மரம் சரியில்லை என்றால் ஆறு மாதத்தில் வில் மாதிரி வளையும். மேலே ஒட்டிய தோதகத்திப் பலகையை அவர் இழைத்த விதத்தில் ஒரு சுருள்கூட அறாமல் வந்தது. அந்தச் சுருளில் ஒன்றைக் கொட்டகையில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.

இனி, இந்த மடலில் நான் அதிகம் பேச நினைத்த விஷயம். பிக்கப்பைப் பற்றி வாசிக்கிறவர்கள் மணிக்கணக்காக வாதாடுவோம். அல்நிகோ காந்தமா, ஃபெரைட்டா? பாதி பாதியாகப் பிரித்த காயிலா, 1960-ல் வந்த ஜாஸ் பேஸ் மாதிரி இரண்டு ஒற்றைக் காயிலா, 9 வோல்ட் பேட்டரி போட்ட ஆக்டிவா? ஆனால் ஒப்பிடும்போது ஒவ்வொரு பிக்கப்பும் வேறு வேறு கிட்டாரில், வேறு வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கும். அப்படிக் கேட்டு எதைத் தீர்மானிப்பது? எனக்கு ஒரே கிட்டாரில் பிக்கப் நகர வேண்டும். புதூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் இரண்டு தண்டவாளம் கடைந்து கொடுத்தார். இரும்பில் செய்தால் காந்தப்புலம் அந்தப் பக்கம் சாயும் என்றதும் பித்தளையில் செய்தார். ஒரு மில்லிமீட்டர் விட்டு ஒரு மில்லிமீட்டர் கோடும் போட்டுக் கொடுத்தார். நான் கேட்காத வேலை அது. அந்தக் கோடு இல்லையென்றால் நாங்கள் கண்டுபிடித்த எதையும் திரும்பச் செய்து பார்த்திருக்க முடியாது.

ஒரு சனிக்கிழமை ராத்திரி மாடியில் பாய் விரித்து ஐந்து பேர் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தீர்கள். ஒரே கம்பி, ஒரே ஆம்ப், ஒரே விரல். பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் அக்கா முதல் சுற்றிலேயே நிறுத்தினார். "ரெண்டாவது சத்தம் கூட இருக்கு. கூட இருந்தா நல்லா இருக்கிற மாதிரிதான் தோணும். சமமாக்கிட்டு வாசிங்க." அவர் சொன்னது முழு உண்மை. பிக்கப்பை ஒரு மில்லிமீட்டர் கம்பிக்கு நெருக்கினாலே சத்தம் ஏறும், ஏறியதைத்தான் காது தேர்ந்தெடுக்கும். எல்லாவற்றையும் சமப்படுத்தி மறுபடி தொடங்கினோம்.

தவில் மாமா, உங்கள் காதுக்கு நான் என்ன கொடுப்பது? நான் காந்தத்தை மாற்றி இரண்டு முறை வாசித்தேன், "ரெண்டும் ஒண்ணுதான் மாப்ள" என்றீர்கள். அதே பிக்கப்பை, கம்பிகள் பாடியில் வந்து உட்காரும் பிரிட்ஜ் பக்கம் 2 சென்டிமீட்டர் தள்ளியதும் சட்டென்று, "இப்ப வலந்தலைக்கு வந்துட்ட" என்றீர்கள். நெக் பக்கம் போனால் தவிலின் கனத்த பக்கமான தொப்பி, பிரிட்ஜ் பக்கம் வந்தால் கூர்மையான பக்கமான வலந்தலை. அத்தனை வருடமாக நான் தேடிய சொல் அதுதான். கம்பி முழுதாக அதிரும்போதே பாதியாகவும் காலாகவும் சேர்ந்து அதிர்கிறது. பிரிட்ஜிலிருந்து 216 மில்லிமீட்டரில், அதாவது நீளத்தில் சரியாகக் காலில், திறந்த கம்பியின் நாலாவது அதிர்வு அசையாமல் நிற்கும். அங்கே வைத்த பிக்கப்புக்கு அது கேட்கவே கேட்காது. விரலை ஃப்ரெட்டில் வைத்தால் அந்தப் புள்ளி நகர்ந்துவிடும். ஆக, இடம்தான் பெரிது. காயிலும் காந்தமும் அதற்கு அடுத்துத்தான். மாமாவைப் போல மற்றவர்கள் இரண்டு காந்தத்தையும் ஒன்று என்று சொல்லவில்லை. அக்கா ஃபெரைட்டில் ஓசையின் முனை கூர்மையாக இருப்பதைக் கவனித்தார், எனக்கும் அப்படித்தான் கேட்டது. ஆனால் இடம் மாறியபோது ஐந்து பேரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினீர்கள். 150 மில்லிமீட்டரை ஒட்டி நிறுத்தியபோது ஐந்து பேரும் "இதுதான்" என்றீர்கள். தம்பியின் பேஸில் பிக்கப் இப்போது உட்கார்ந்திருப்பது அங்கேதான்.

ஒற்றைக் காயில் எனக்கு மிகப் பிடிக்கும், அந்தத் தெளிவு வேறு எதிலும் இல்லை. ஆனால் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் அன்று அதை விடவில்லை. நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 100. கடைசிக் கம்பியோ 98. அந்தக் கம்பியைத் திறந்து மீட்டினால் உறுமலும் ஸ்வரமும் உரசி நொடிக்கு இரண்டு அலையாகத் தள்ளாடியது. கிட்டாரோடு நான் வடக்கே திரும்பினால் குறைந்தது, கிழக்கே திரும்பினால் கூடியது. "சர்ச்சுல அப்படியெல்லாம் திரும்ப முடியாதுண்ணே" என்றான் தம்பி. அதோடு, பிரித்த காயில்தான் என்று முடிவானது. மைக் செட் அண்ணனும் அதே பக்கம்தான். பெரிய பாக்ஸ் வைத்தால் அடிச்சத்தம் மட்டும் இருக்கிற பேஸ் குழம்பிப்போகும், நடுவில் கொஞ்சம் எலும்பு இருந்தால்தான் கடைசி வரிசைக்குப் போகும் என்றார். முப்பது வருடம் திருவிழா மேடைகளுக்கு மைக் கட்டியவர் சொல்வதை நான் எடுத்துக்கொண்டேன்.

பார்ட்ஸ் கடைக்காரருக்கும் ஒரு வார்த்தை. 250 கிலோ ஓம் என்று அச்சடித்த வால்யூம் கண்ட்ரோல், அளந்தால் 200-ம் காட்டும் 300-ம் காட்டும். கூடினால் ஓசை பளிச்சென்றும் குறைந்தால் மங்கியும் வரும். ஒரு பெட்டி முழுக்க, நாற்பது கண்ட்ரோலையும் கடையிலேயே அளந்து பார்க்க விட்டார். இரண்டு எடுத்தேன். இரண்டுக்குத்தான் காசு வாங்கினார்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கும் மாமாவுக்கும், எட்டு மாதம் மரத்தூளும் ரவுட்டர் சத்தமும் பொறுத்ததற்கு நன்றி. முன்பணத்தை மூன்று தவணையாக, ஒருமுறைகூட நாள் தப்பாமல் கொண்டுவந்து கொடுத்த தம்பிக்கு, கிட்டார் உன்னுடையது, அதை வைத்து நான் கற்றது என்னுடையது.

பித்தளைத் தண்டவாளம் போட்ட சோதனைக் கிட்டார் கொட்டகையிலேயே இருக்கிறது. ஞாயிறு சாயங்காலம் யார் வேண்டுமானாலும் வந்து பிக்கப்பைத் தள்ளித் தள்ளிக் கேட்டுப் பாருங்கள். அடுத்து ஐந்து கம்பி பேஸ், கீழ்க் கம்பி 31-ல் அதிரும். சிம்மக்கல் அண்ணன் நேற்றே போன் பண்ணிவிட்டார், "கம்பி வந்துருச்சா?" என்று.

நன்றியுடன்,
மொட்டை மாடிப் பட்டறை,
வில்லாபுரம், மதுரை.