செயலாளர் ஆண்டறிக்கை: தடைக்குள் எழுதியோர் தொடரும் கையெழுத்துப் பிரதிப் பாதுகாப்பும்

தலைவர் அவர்களுக்கும் நிர்வாக சபையினருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

நமது இலக்கிய அமைப்பின் மாதாந்தக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. குளம் வான்பாய்ந்து வீதி மூடியதால் மாரியில் ஒன்று தள்ளிப்போனது. இம்முறை கவியரங்குகளைக் குறைத்து, தணிக்கையிலும் சிறையிலும் புலம்பெயர்ந்தும் எழுதியவர்கள் பற்றிய தொடரை நடத்தினோம். வீரத்தைப் புகழ்வதை விட்டு, அந்த எழுத்து எந்த வழியாகத் தப்பி வந்தது என்று பார்ப்பதே நோக்கம்.

சோவியத் சிறைமுகாமில் இரினா ரத்துஷின்ஸ்காயா நெருப்புக்குச்சியால் சவர்க்காரத்தில் கவிதையைக் கீறி, மனனமானதும் கழுவிவிடுவார். இளைஞர் பயிற்சியில் இதைச் செய்தே பார்த்தோம். காய்ந்த கட்டி உதிர்கிறது. கூட நனைந்தால் கீறல் மூடிக்கொள்கிறது. இலேசாக நனைத்து நிழலில் உலரவிட்ட கட்டியே சரிவந்தது. ணகரச் சுழி எப்போதும் பிய்ந்தது. ஒரு பக்கத்தில் நாலு வரிக்கு மேல் கொள்ளாது. மரபில் எழுதியவர்களுக்கு மனனம் இலகு, புதுக்கவிதைக்காரர் திணறினார்கள். எதுகை மோனையைப் பழசென்று தள்ளுகிறவர்கள் கவனிக்க.

கென்யாவில் ங்கூகி வா தியாங்கோ 1978இல் காமிட்டி சிறையில் மலசலகூடக் கடதாசியில் கிக்கூயு நாவல் எழுதினார். கைதிகளை வருத்தவென்று கொடுத்த முரட்டுக் கடதாசி பேனைக்கு வாய்ப்பாகிவிட்டது. இந்தோனேசிய எழுத்தாளர் பிரமோதியா, கைதிகளை அடைத்த புரு தீவில் எழுத விடாத காலத்தில் கதையைச் சக கைதிகளுக்கு வாயால் சொல்லி வைத்தார். 1980இல் அக்கதையின் முதற்பாகம் நாவலாக வந்தது, 1981இல் தடை.

நமது பக்கத்துக்கு வந்தால், சிலாவத்துறைக் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் ‘நவரசம்’ தொகுப்புக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றில் விடுதலை. நோர்வேயில் குடியேறிய கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலன் 2013 நவம்பரில் மாங்குளத்தில் கைதாகி நாடு கடத்தப்பட்டார். இவ்விருவர் பற்றிய கூட்டங்களுக்கும் வந்த சனம் வேறு எதற்கும் வரவில்லை.

இனி நமது வேலை. பங்கரிலும் (பதுங்குகுழி) வளவிலும் புதைத்து மீட்ட கொப்பிகளை அங்கத்தவர்கள் கொண்டுவருகிறார்கள். பொலித்தீனில் இறுகச் சுற்றியவையே அதிகம் பழுது: தாளிலிருந்த ஈரம் வெளியேற வழியின்றிப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. ஸ்ரேப்பிள் கம்பி துருவேறித் தாளைத் தின்கிறது. முதலில் அதைக் கழற்றுங்கள். நனைந்த கொப்பியை வெயிலில் போடக்கூடாது. 48 மணி நேரத்துக்குள் பக்கங்களுக்கிடையே அச்சடிக்காத வெள்ளைத்தாள் வைத்து, தாளை அடிக்கடி மாற்றி, மின்விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். ஒட்டிய பக்கங்களை இழுக்க வேண்டாம். குமிழ்முனைப் பேனை எழுத்து ஓரளவு நிற்கும். மைப்பேனை எழுத்து கரைந்தோடும். லமினேற் செய்வது பெரும் கேடு, பிறகு பிரிக்க முடியாது. செலோரேப்பும் அப்படித்தான்.

உலர்ந்ததும் அங்குலத்துக்கு 300 புள்ளி அளவில் ஸ்கான் செய்து மூன்று பிரதி வைக்கிறோம். ஒன்று மாவட்டத்துக்கு வெளியே இருக்கும். எழுதியவரின் சம்மதக் கடிதம் இல்லாமல் எதுவும் இணையத்துக்குப் போகாது. பெயரை மறைக்கக் கேட்டால் மறைப்போம். ஒரேயொரு பிரதியை யாருக்கும் இரவல் கொடுக்க வேண்டாமென மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த ஆண்டு பொன்னாடைக்கும் நினைவுச் சின்னங்களுக்கும் போகும் பணத்தை நிறுத்தி, கறையான் ஏறாத இரும்பு அலுமாரியும் ஒரு ஹாட் டிஸ்க்கும் வாங்க நிர்வாக சபை முன்மொழிகிறது. ஆட்சேபணை உள்ளவர்கள் கணக்கறிக்கைக்குப் பிறகு பேசலாம்.

செயலாளர்