நாக்கை விடுங்கள், மஞ்சள் பையை எடுங்கள்

பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

மரபியல் பாடம் வந்ததும், "யாருக்கெல்லாம் நாக்கைக் குழல்போல உருட்ட வருகிறது?" என்று கேட்டுத் தொடங்குகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஓய்வு பெறும்வரை பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் தொடங்கினேன். உருளுவது ஓங்கு பண்பு (பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படும்), உருளாதது ஒடுங்கு பண்பு (இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும்) என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, வீட்டில் அம்மா அப்பாவுக்கு எப்படி என்று பார்த்து வரச் சொல்வேன். ஒருமுறை மறுநாள் காலை ஒரு மாணவி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். "அவர்கள் இருவருக்குமே உருளவில்லை டீச்சர். எனக்கு உருளுகிறது" என்றாள். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நான் எழுதிப்போட்ட கணக்கின்படி அப்படி ஒரு பிள்ளை அந்த வீட்டில் பிறந்திருக்கவே முடியாது.

பிழை என் கணக்கில். நாக்கு உருளுவதற்கு ஒற்றை ஜீன் காரணம் என்று 1940இல் எழுதியவர் அமெரிக்க மரபியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டர்டிவண்ட். 1952இல், ஒரே ஜீன்களைக் கொண்ட ஒத்த இரட்டையர் 33 ஜோடிகளைச் சோதித்தபோது, 7 ஜோடிகளில் ஒருவருக்கு உருண்டது, மற்றவருக்கு உருளவில்லை. ஸ்டர்டிவண்டே பிற்பாடு தன் கருத்தை விட்டுவிட்டார். நாம்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம். காதுமடல் ஒட்டியிருக்கிறதா, தொங்குகிறதா என்று பார்க்கச் சொல்லும் கதையும் இதேதான்.

அந்த மாணவிக்குப் பிறகு நான் மாறியது இரண்டு மஞ்சள் பைகளுக்கு. ஒன்று தாய்ச்செடி, மற்றது தந்தைச்செடி. வளையல் கடையில் பாசிமணி கிடைக்கும். ஒவ்வொரு பையிலும் 20 சிவப்பு, 20 வெள்ளை. சிவப்பு மணி நெட்டைக்கான ஜீன், வெள்ளை மணி குட்டைக்கான ஜீன். விரலுக்கு வேறுபாடு தெரியாதபடி எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும். பார்க்காமல் பைக்கு ஒரு மணி எடுக்க வேண்டும். ஜோடியில் ஒரு சிவப்பு இருந்தாலும் செடி நெட்டை. இரண்டும் வெள்ளையானால் குட்டை. குறித்துக்கொண்டு, எடுத்த மணியை அதே பையில் போட்டுவிட வேண்டும். பிள்ளைகள் மறப்பது இதைத்தான்.

முதல் பெஞ்சில் நான்கு பேர் எடுத்ததில் இரண்டு குட்டை வந்தது. "மூன்று நெட்டைக்கு ஒரு குட்டை என்ற 3:1 வரவில்லை, சோதனை தப்பு" என்று வகுப்பே கூவியது. நான் வாயைத் திறக்கவில்லை. நாற்பது பேரும் ஆளுக்கு ஐந்து முறை எடுத்து முடித்தபோது நெட்டை 153, குட்டை 47. அதன் பக்கத்திலேயே, மரபியலைத் தொடங்கிவைத்த மெண்டல் பட்டாணிச் செடிகளில் எண்ணிய நெட்டை, குட்டை எண்களை எழுதினேன்: 787, 277. அவருக்கே 2.84தான் வந்திருக்கிறது என்று வகுத்துப் பார்த்துச் சொன்னவன் கடைசி பெஞ்சுக்காரன்.

மணியைத் திரும்பப் போடுவதை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. நீலகிரிப் பழங்குடி மக்களிடையே, பெற்றோர் வழியாக வரும் ரத்த நோயான கதிர் அரிவாள் சோகை இருக்கிறது. அதன் ஜீனை ஆளுக்கு ஒன்றாகச் சுமக்கும் தாய் தந்தைக்கு, பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்குப் பயமில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. 3:1 என்று மனப்பாடம் செய்தவர்களுக்கும் அப்படித்தான் தோன்றும். முன்பு எந்த மணி வந்தது என்பது பைக்கு நினைவில் இருக்காது என்பதைத் தன் கையால் எடுத்துப் பார்த்தவன் அப்படி நினைக்கமாட்டான்.

மணிகள் சிந்தும். பொறுக்க அரைமணி நேரம் ஆகும் என்பதால், கடைசிப் பாடவேளையில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியை