எரியுதுன்னு சொன்னா நிறுத்திப் பாருங்க சிஸ்டர்

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன மாசம் எங்க அக்காவுக்கு கால்ல சர்க்கரைப் புண்ணு சீழ் வச்சு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தோம். வான்கோமைசின்னு ஒரு ஆன்டிபயாட்டிக் எழுதியிருந்தாங்க, ரெண்டாவது நாள் மருந்து ஏறிட்டிருக்கும்போதே அக்கா "கை எரியுதுடி, மொளகா அரைச்சு உள்ள விட்ட மாதிரி இருக்கு"ன்னாங்க. டியூட்டி சிஸ்டர்கிட்ட ஓடிப்போய் சொன்னா "ஆன்டிபயாட்டிக் போனா அப்படித்தாம்மா இருக்கும்"னு பதில். நான் ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ, போர்வைய விலக்கி கையப் பார்த்தேன். வென்ஃப்ளான் (மருந்து ஏத்த கையில குத்தி வைக்கிற சின்ன பிளாஸ்டிக் குழாய்) போட்ட எடத்துலேருந்து முழங்கை பக்கமா நாலு விரக்கடைக்கு செவப்பா ஒரு கோடு, தடவிப் பார்த்தா சணல் கயிறு மாதிரி கெட்டியா இருக்கு. ஒரு கிராம் மருந்த 100 மில்லி சலைன்ல கலந்து இருபதே நிமிஷத்துல ஓட விட்டுருக்காங்க! 200 மில்லியிலயாவது கலந்து ஒரு மணி நேரத்துக்குக் கொறையாம ஏத்த வேண்டிய மருந்து அது. அமிலத்தன்மை உள்ளது, கெட்டியா வேகமா போனா ரத்தத்தோட கலந்து நீர்த்துப் போக நேரம் இல்லாம ரத்த நரம்போட உள்சுவத்தையே புண்ணாக்கிடும்.

அந்த சிஸ்டர் மேல எனக்கு கோவம் இல்ல, அத்தனை பெட்டுக்கு அவங்க ஒருத்தர்தான் ஓடிட்டிருந்தாங்க, வேலைக்குச் சேர்ந்த புதுசுல நானும் இதே பதில எத்தனையோ பேருக்கு சொல்லியிருக்கேன், அத நெனச்சா இப்ப மனசு கெடந்து அடிச்சுக்குது.

மணிக்கட்டு, முழங்கை மடிப்புல வென்ஃப்ளான் போட்டா கை மடக்க மடக்க உள்ள உரசிக்கிட்டே இருக்கும், முன்னங்கையில நல்ல நரம்பா பார்த்து போடுங்க. டிரிப்ஸுக்கு நீலக் கலர் 22 சைஸே பெரும்பாலும் போதும், குழாய் சின்னதா இருந்தாத்தான் சுத்தி ரத்தம் ஓடும். ஸ்பிரிட் காயறதுக்குள்ள குத்தாதீங்க. ஒவ்வொரு மருந்துக்கு முன்னாடியும் பின்னாடியும் சலைன் விட்டு ஃப்ளஷ் பண்ணணும், போட்ட தேதிய பிளாஸ்டர் மேல எழுதணும். பொட்டாசியம் குளோரைடு எல்லாம் எப்பவும் நேரா ஊசியில தள்ளவே கூடாது, நரம்பு எரியறது ஒருபக்கம், இதயமே நின்னுடும்.

கூட இருக்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். சீக்கிரம் முடிஞ்சா வீட்டுக்குப் போலாம்னு டிரிப்ஸ் வேகத்தக் கூட்டிக் கொறைக்கிற ரோலர நீங்களே தள்ளி விடாதீங்க, தயவு பண்ணி. நைட்டு ஷிப்ட்ல எத்தனை தடவ இத பார்த்துருக்கேன்! எரிச்சல், வீக்கம், செவப்பு தெரிஞ்சா உடனே மருந்த நிறுத்தச் சொல்லி வேற கையில மாத்தச் சொல்லுங்க. ஒத்தடம் டாக்டர கேட்டுட்டுதான் குடுக்கணும், சில மருந்துக்கு சூடு குடுக்கணும், சிலதுக்கு ஐஸ் வைக்கணும், மாத்திக் குடுத்தா மோசமாயிடும்.

ஆஸ்பத்திரி நடத்துறவங்ககிட்ட நான் கேக்கிறது ரொம்ப சின்ன விஷயம். மருந்து கலக்கும்போதே எவ்வளவு மில்லி, எத்தனை நிமிஷம்னு எழுதி பாட்டில்ல ஒட்டச் சொல்லுங்க, ஷிப்ட் மாறி வர்ற சிஸ்டருக்கும் தெரியும், பக்கத்துல உக்காந்திருக்கிற வீட்டு ஆளுக்கும் தெரியும். அக்காவுக்கு கால் புண்ணு ஆறிடுச்சு, ஆனா அந்த கயிறு இன்னும் கையில இருக்கு, துணி பிழிய முடியலன்னு நேத்துகூட போன்ல சொன்னாங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ், மதுரை