உடம்புக்கும் ஓர் அறுவடைப் பரிசோதனை வேண்டும்

மதுரை மாவட்டச் சுகாதாரப் பேரவையினருக்கு,

வணக்கம். திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். புள்ளியியல் துறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கு மேல் வயல் வரப்பில்தான் கழிந்தது. பயிர் அறுவடைப் பரிசோதனையை உங்களில் கிராமத்துக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். குலுக்கலில் வந்த சர்வே எண்ணுக்குப் போய், ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் விளைந்த நெல்லை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, நிறுத்து எழுதுவோம். கள்ளந்திரி வரை இருபோகம், அதைத் தாண்டி மேலூர்ப் பக்கம் ஒருபோகம் என்று அலைந்து, அறுப்பு நடக்கிற நாளிலேயே போய் நிற்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் வயலில் தாள்தான் இருக்கும்.

பயிரில் இருந்த இந்தப் பழக்கத்தை உடம்பு விஷயத்தில் எங்கும் காணவில்லை என்பதுதான் இந்த மடலுக்குக் காரணம்.

என் மனைவிக்குப் பதினான்கு வருடமாக முடக்குவாதம். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது. குழாயைத் திறக்க முடியாது, தேங்காய் துருவ முடியாது, ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியாது. வெந்நீரில் கையை வைத்து, மாத்திரை போட்டு, ஒன்பதரை பத்து மணிக்கு மேல்தான் கை அவளுடையதாகும். சில வருடங்களுக்கு முன் ஊனம் எத்தனை சதவீதம் என்று பார்க்கிற ஒரு மதிப்பீட்டு முகாமுக்கு அழைத்துப் போனேன். எங்கள் முறை வரும்போது மணி பன்னிரண்டு. மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று காட்டுகிற கோணமானியை வைத்து மருத்துவர் ஒவ்வொரு மூட்டாக அளந்தார், 28 சதவீதம் என்று எழுதினார். அவர் மேல் எனக்குக் குறையில்லை, கருவியில் வந்ததை எழுதினார். ஆனால் அறுப்பு முடிந்த வயலில் போய்க் கயிறு கட்டியது போல இருந்தது எனக்கு. அந்த மூட்டுகளைக் காலை ஆறு மணிக்கு அளந்திருக்க வேண்டும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதம் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகளுக்குக் கதவு திறக்கும். பயிருக்கும் இப்படி ஒரு கோடு உண்டு. வெள்ளத்திலோ வறட்சியிலோ 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமானால் இடுபொருள் நிவாரணம். முன்பு அது 50 ஆக இருந்தது, 2015-ல் குறைத்தார்கள். கோடு போடுவது தவறென்று நான் சொல்ல மாட்டேன். நானே அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விவசாயிகளை நிறுத்தியவன். ஆனால் பயிரில் கோட்டுக்குக் கீழே நின்ற வயலின் மகசூலும் எங்கள் பதிவேட்டில் இருக்கும். அந்தப் பிர்க்காவில் மொத்தம் எவ்வளவு விளைச்சல் குறைந்தது என்று கேட்டால் சொல்லிவிடுவோம். 28 சதவீதம் வாங்கியவள் எந்தக் கணக்கில் இருக்கிறாள்? எதிலும் இல்லை.

உலகத்தில் இதற்கொரு கணக்கு இல்லாமல் இல்லை. உலக வங்கியின் 1993-ஆம் ஆண்டு அறிக்கையில் நோய்ச்சுமையை அளக்க ஓர் அலகு வந்தது. கிறிஸ்டோபர் முர்ரே, ஆலன் லோபஸ் என்ற இருவர் உருவாக்கியது. சுருக்கமாக டாலி என்பார்கள் (கடைக்காரர்கள் கணக்கு எழுதுகிற டாலி வேறு). சீக்கிரம் செத்துப்போனதால் இழந்த வருடங்கள் ஒரு பக்கம், உயிரோடு இருந்தும் நோயால் குறைந்துபோன வருடங்கள் இன்னொரு பக்கம், இரண்டையும் கூட்டு. இரண்டாவது பக்கத்துக்கு ஒவ்வொரு நோய்நிலைக்கும் ஓர் எடை வைத்திருக்கிறார்கள். 0 என்றால் முழு ஆரோக்கியம், 1 என்றால் சாவுக்குச் சமம்.

ஓர் உதாரணம். சோழவந்தானில் என் தங்கை வீட்டுக்காரர் வெற்றிலைக் கொடிக்காலில் ஏணி ஏறி இலை கிள்ளியவர். சர்க்கரையில் ஒரு கால் போனது. இந்தக் கணக்கின் 2013-ஆம் ஆண்டுத் திருத்தத்தில், ஒரு கால் இழந்து சிகிச்சை கிடைக்காதவருக்கு எடை 0.173. செயற்கைக் கால் போன்ற உதவி கிடைத்தவருக்கு 0.039. பத்து வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். கால் கிடைக்காதவர் ஒன்றே முக்கால் வருடத்தை இழக்கிறார், கிடைத்தவர் ஐந்து மாதம்கூட இழப்பதில்லை. இருவருக்கும் போன கால் ஒன்றுதான். மச்சானுக்குச் செயற்கைக் கால் வர ஒன்றரை வருடம் ஆனது. அந்த ஒன்றரை வருடம் திண்ணையை விட்டு அவர் இறங்கவில்லை. கால் வந்த பிறகு ஏணி ஏற முடியவில்லை என்றாலும் கமிஷன் கடையில் உட்கார்ந்து வெற்றிலையைக் கவுளி கவுளியாக அடுக்கிக் கட்டுகிறார். அந்த 0.173-க்கும் 0.039-க்கும் இருக்கிற வித்தியாசத்தை நான் திண்ணையில் கண்ணால் பார்த்தேன்.

இந்தக் கணக்கை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவனும் இல்லை. முதலில் வந்தபோது வயதுக்கு ஏற்ற எடை என்று ஒன்று வைத்திருந்தார்கள். இளவயதுக்காரரின் ஒரு வருடம் அதிகம், குழந்தையின் வருடமும் கிழவனின் வருடமும் குறைவு! நல்லவேளை, 2010 கணக்கில் அதை எடுத்துவிட்டார்கள். இல்லாவிட்டால் இந்த மடலுக்கே பாதி எடைதான் கிடைத்திருக்கும். பார்வையின்மையின் கதை இன்னும் வேடிக்கை. தொடக்கத்தில் அதற்கு 0.6 அளவில் எடை கொடுத்திருந்தார்கள், இப்போது 0.187. நடுவில் பார்வையற்றவர்களின் வாழ்க்கை மூன்று மடங்கு நன்றாகிவிடவில்லை, கேள்விதான் மாறியது. முன்பு நிபுணர்கள் கூடி உட்கார்ந்து எடை போட்டார்கள். பிறகு வங்கதேசம், இந்தோனேசியா, பெரு, தான்சானியா, அமெரிக்கா என்று போய்ப் பொதுமக்களிடம் இரண்டு ஆட்களை விவரித்து, "இவர்களில் யாருக்கு ஆரோக்கியம் கூடுதல்?" என்று கேட்டார்கள். பார்வை இல்லாதவருக்கு உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று பலருக்குத் தோன்றியிருக்கும். பேருந்தின் எண் பலகை தெரியாமல் மாட்டுத்தாவணியில் நிற்பது ஆரோக்கியக் குறைவா, வாழ்க்கைக் குறைவா? அந்தக் கேள்விக்குள் அது வரவேயில்லை.

நம் ஊரில் இதைப் பேசும்போது டாக்டர் வெங்கடசாமியை விட முடியாது. அவருடைய விரல்களையும் இதே முடக்குவாதம்தான் முறுக்கிப் போட்டது. 1948-ல் ராணுவ மருத்துவப் பணியிலிருந்து அவர் விடுபட்டது அதனால்தான். அந்த விரல்களோடு கண் அறுவை கற்று, தன் கைக்குத் தோதான கருவிகளை அமைத்துக்கொண்டு, ஒரு லட்சத்துக்கு மேல் அறுவைகள் செய்தார். 1976-ல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெறுகிற வயதில், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கோணமானி வைத்திருந்தால் அவருக்கும் ஒரு சதவீதம் வந்திருக்கும், அதிலிருந்து அவர் என்ன செய்தார் என்று யாராலும் யூகித்திருக்க முடியாது. இதை வீட்டில் சொன்னேன். "சரி, எனக்கும் தேங்காய் துருவ ஒரு கருவி செஞ்சு தரச் சொல்லுங்க" என்றாள். அவள் சொன்னதைத்தான் நான் இரண்டு பத்தியாக எழுதியிருக்கிறேன்.

நம் மாநிலத்துக்கு இது ஏன் அவசரம் என்றால், நாம் சாவைத் தள்ளிப்போடுவதில் கெட்டிக்காரர்களாகிவிட்டோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மற்றவர்களும் சேர்ந்து 2017-ல் மாநில வாரியாக நோய்ச்சுமைக் கணக்கு வெளியிட்டார்கள். 1990-ல் நாட்டின் மொத்தச் சுமையில் தொற்றா நோய்களின் பங்கு சுமார் 30 சதவீதம், 2016-ல் 55. இந்த மாற்றத்தில் முன்னால் நிற்கும் ஐந்து மாநிலங்களில் கேரளம், கோவா, பஞ்சாப், இமாசலப் பிரதேசத்தோடு தமிழ்நாடும் ஒன்று. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, பக்கவாதம், மூட்டு, முதுகு. இவையெல்லாம் ஆளை இழுத்துக்கொண்டே போகிற நோய்கள்.

ஆனால் கணக்கெடுப்பில் நாம் யார்? 2011-ல் தமிழ்நாட்டின் 7 கோடியே 21 லட்சம் பேரில் 11 லட்சத்து 80 ஆயிரம் பேர்தான் மாற்றுத்திறனாளிகள். நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. எந்தத் தெருவில் நின்று எண்ணினாலும் இது பொருந்தாது. "உங்கள் வீட்டில் ஊனமுற்றவர் உண்டா?" என்று கேட்டால், கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீட்டில் என்ன பதில் வரும்? எண்பது வயதுக் கிழவியைக் கேட்டால், "வயசாச்சுல்ல" என்பாள், ஊனம் என்று சொல்ல மாட்டாள். ஐக்கிய நாடுகள் புள்ளியியல் ஆணையத்தின் கீழ் 2001-ல் அமைந்த வாஷிங்டன் குழு இதற்குத்தான் ஆறு கேள்விகள் வைத்தது. பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவு வைப்பது, தன்னைக் கவனித்துக்கொள்வது, பேசிப் புரியவைப்பது. ஒவ்வொன்றிலும் சிரமம் உண்டா, எவ்வளவு? ஊனம் என்ற சொல் எங்கும் வராது.

உசிலம்பட்டிப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு மதுரை வருகிறார். நான்கு மணி நேரம் இயந்திரம், போக வர பஸ். மறுநாள் எழுந்திருக்க முடியாது, அதற்கு மறுநாள் திரும்பவும் பஸ். உலகக் கணக்கில் டயாலிசிஸில் இருப்பவரின் எடை 0.571, பார்வையின்மையைப் போல மூன்று மடங்கு. நம் சட்டத்தின் 21 வகைகளில் சிறுநீரகச் செயலிழப்பு இல்லை. அந்த மனிதர் ஏட்டில் திடகாத்திரமானவர்.

இனி நான் கேட்க வந்தது.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து எங்கள் தெருவுக்கு ஒரு தன்னார்வலர் வருகிறார். ரத்த அழுத்தம் பார்ப்பார், சர்க்கரை பார்ப்பார், மாத்திரை தருவார். நல்ல பெண், வெயிலில் வந்தால் மோர் கொடுப்போம். அவர் கையில் இருக்கிற பதிவேட்டில் இரண்டே கேள்விகளைச் சேர்க்கும்படி பேரவையில் தீர்மானம் கொண்டுவாருங்கள்.

கடந்த 30 நாளில், வழக்கமான வேலை எதையும் செய்ய முடியாமல் போன நாட்கள் எத்தனை? செய்தும், குறைத்துக்கொண்ட நாட்கள் எத்தனை?

இது என் கண்டுபிடிப்பு இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் இயலாமை மதிப்பீட்டுப் படிவத்தில் உள்ளவைதான். எனக்குப் பிடித்த காரணம், பதிலின் அலகு நாள். 0.187 என்றால் யாருக்கும் புரியாது. "இந்த மாசம் ஒன்பது நாள் முடியலை" என்றால் பஞ்சாயத்துத் தலைவருக்கும் புரியும், நூறு நாள் வேலைக்குப் போகிறவருக்கும் புரியும். கிராமவாரியாகக் கூட்டினால், எந்த ஊரில் மூட்டு வலி அதிகம், எங்கே உடற்பயிற்சி சிகிச்சையாளர் கூடுதலாக வேண்டும் என்று ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். யாருக்கு மாத்திரை கொடுப்பது, யாரை விடுவது என்று முடிவெடுக்க மட்டும் இந்த எண்ணைத் தொடாதீர்கள். அப்படித் தொட்டால் மறுமாதமே எல்லோரும் முப்பது நாள் என்பார்கள், எங்கள் மகசூல் கணக்கில் அதையும் பார்த்திருக்கிறேன்.

முடிந்தால் மூன்றாவதாக ஒன்று. பார்த்துக்கொள்கிறவர் இழந்த நாட்கள். மச்சான் திண்ணையில் இருந்த காலத்தில் என் தங்கை பூக்கட்டப் போகவில்லை. அதை எந்த நாட்டுக் கணக்கிலும் நான் பார்த்ததில்லை.

சொல்வதற்கு முன் நானே செய்து பார்த்தேன். மூன்று மாதம் தினசரி நாள்காட்டியில் மனைவிக்கு முடியாத நாளெல்லாம் வட்டம் போட்டேன். முதல் மாதம் பதினேழு வந்தது. காட்டினேன். "வட்டம் போட்ட நாள்ல நீங்க சாப்பிடலையா? அது எப்படி முடியாத நாளு?" என்றாள். அப்புறம்தான் படிவத்தில் ஏன் இரண்டு கேள்வி என்று விளங்கியது. அவள் சொன்னபடி பிரித்து எழுதியதில் முழுவதும் முடியாதது நான்கு, குறைத்துக்கொண்டது பதின்மூன்று. என் வட்டங்களும் அவள் திருத்தங்களும் உள்ள தாள்களின் நகலை இணைத்திருக்கிறேன்.

தன்னார்வலர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க அரை நாள் போதும், கூலி வேண்டாம், நானே வருகிறேன். இல்லை, முதலில் நேரில் பார்க்க வேண்டும் என்றால் யாரையாவது எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். காலை ஆறரை ஏழுக்கே வரச் சொல்லுங்கள். அந்நேரத்துக் காபி நான் போட்டதாகத்தான் இருக்கும், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆய்வாளர் ஒருவர்,
திருமங்கலம்