கொட்டகையில் நிற்கும் விதைப்புக் கருவி: பால் உற்பத்தியாளர் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற வாரம் பால் கொள்முதல் நிலையத்தின் சுவரில் ஒட்டப்பட்ட சுற்றறிக்கையைப் படித்த பிறகு இதை எழுதுகிறேன். மீளுருவாக்க வேளாண் முறைகளுக்கு அடுத்த பருவத்துக்குள் மாறாத உறுப்பினர்களுக்கு ஊக்கத்தொகை நிறுத்தப்படும் என்கிறது அது. உழவைக் குறைப்பது, நிலத்தை எப்போதும் பயிரால் மூடி வைப்பது, பலவகைத் தீவனப் பயிர்களைக் கலந்து விதைப்பது, மாடுகளைப் பகுதி பகுதியாக மாற்றி மேய்ப்பது ஆகியவற்றில் எதன்மீதும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் கேட்பது ஒன்றுதான். இவற்றைச் செய்வதற்கான கருவிகளும் விதையும் உறுப்பினர்களுக்குப் பொதுவில், பருவம் தவறாமல் கிடைக்க வழி செய்யுங்கள். பிறகு காலக்கெடு விதியுங்கள்.

சங்கத்தின் உழவில்லா விதைப்புக் கருவி எப்போது வந்தது, எத்தனை நாள் கொட்டகையிலேயே நிற்கிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவையே. அது வந்த அன்று எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டோம். நானும் அந்தப் படத்தில் இருக்கிறேன். தீவன மக்காச்சோளத்தை அறுத்த மறுநாளே அதற்காக விண்ணப்பித்தேன். அறுவடைக்குப் பின் மேல்மண்ணில் ஈரம் சில நாட்களே நிற்கும், அதற்குள் தட்டைப்பயறு, குதிரைமசால் என்ற இரு தீவனப் பயிர்களையும் கலந்து விதைத்துவிட வேண்டும் என்பது என் கணக்கு. விண்ணப்பத்துக்கு மேற்பார்வையாளரின் கையெழுத்து வேண்டியிருந்தது, பதினைந்து நாளுக்கு ஒருமுறை கூடும் துணைக்குழுவின் ஒப்புதல் வேண்டியிருந்தது, ஒப்புதல் கிடைத்த பிறகோ அந்தக் கருவியை இழுக்கும் திறன் என் டிராக்டருக்கு இல்லை என்பதால் வேறொரு டிராக்டருக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. 17 நாள் கழித்துக் கருவி என் நிலத்துக்கு வந்தபோது மேல்மண் ஓடாகக் காய்ந்திருந்தது. வட்டத் தகடு மண்ணைப் பிளக்கவில்லை, கீறிக்கொண்டே போனது. குதிரைமசால் விதை கடுகைப் போல மிகச் சிறியது. ஓரிரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போடக் கூடாது என்பதால் மேல்மண்ணின் ஈரத்தை மட்டுமே நம்பி முளைக்கும் பயிர் அது. பாதி விதை முளைக்கவில்லை, மீதியில் பெரும்பகுதியைப் பறவைகள் பொறுக்கிவிட்டன.

பிறகு என்ன செய்தேன் என்பதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. அந்த நிலத்தை உழுதுதான் மறுபடி விதைத்தேன். 400 கிலோ எடையுள்ள கறவை மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 கிலோ உலர்பொருள், அதாவது ஈரம் நீக்கிய எடையில் தீவனம், வேண்டும். என் தொழுவத்தில் ஒன்பது மாடுகள் நிற்கின்றன, அவை துணைக்குழு கூடும் வரை பசி பொறுப்பதில்லை. அடுத்த மாதம் வந்து பார்த்த மேற்பார்வையாளர், உழுத நிலத்தைக் கண்டு, தம் படிவத்தில் ‘உறுப்பினருக்கு ஆர்வம் இல்லை’ என்று எழுதிச் சென்றார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. அந்தப் படிவத்தில் ‘கருவி தாமதமாக வந்தது’ என்று எழுதுவதற்குக் கட்டமே இல்லை.

நம் சங்கம் எதற்காகத் தோன்றியது என்பதை இந்த இடத்தில் நினைவூட்ட அனுமதியுங்கள். கறந்த பால் சில மணி நேரத்தில் கெடத் தொடங்கும், அதை 4 டிகிரிக்குக் குளிர்வித்தாக வேண்டும். அதற்காக எந்த உறுப்பினரிடமும் சொந்தக் குளிர்விப்பு நிலையம் கட்டச் சொன்னதில்லை. எல்லோருடைய பாலுக்கும் ஒரே தொட்டி வைத்தோம், நான்கு மாடு வைத்திருப்பவரும் நாற்பது மாடு வைத்திருப்பவரும் அதே தொட்டியில்தான் ஊற்றுகிறோம். பாலுக்குப் பொதுவான ஏற்பாடு செய்யத் தெரிந்த நமக்கு, அந்தப் பாலுக்கு மூலமான மண் என்று வரும்போது மட்டும் ‘அவரவர் பொறுப்பு’ என்ற சொல் எங்கிருந்து வந்தது?

இது சோதித்துப் பார்க்காத யோசனையும் அல்ல. பிரான்சில் 1945 முதலே உழவர்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து கருவிகளைக் கூட்டாக வாங்கிப் பயன்படுத்தும் கூட்டுறவுகளை நடத்தி வருகிறார்கள். ஜெர்மனியின் பவேரியாவில் 1958இல் தொடங்கிய எந்திர வளையங்கள் என்ற உழவர் அமைப்புகள், ஒருவரிடம் சும்மா நிற்கும் கருவியை வேண்டியவருக்கு வாடகைக்குச் சேர்ப்பிக்கின்றன. நமக்கும் அதுவே போதும். எட்டுப் பத்து அண்டை உறுப்பினர்களுக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு விதைப்புக் கருவி, அதை இழுக்கும் டிராக்டர், பயிற்சி பெற்ற ஓட்டுநர், ஏக்கர் கணக்கில் கட்டணம். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கருவி தேவைப்படுமே என்று கேட்பீர்கள், நியாயமான கேள்விதான். மணற்பாங்கான நிலம் முதலில் காயும், களிமண் நிலம் சில நாள் பொறுக்கும். யாருடைய வயல் முன், யாருடையது பின் என்ற வரிசை அக்கம்பக்கத்தில் உழைப்பவர்களுக்கு மனப்பாடம். அந்த அதிகாரத்தைக் குழுக்களிடம் கொடுத்தால் கையெழுத்துக்காகக் காத்திருந்து எவருடைய ஈரமும் வீணாகாது.

மாற்றி மேய்ப்பதற்கான மின்வேலித் தொகுப்புகளையும் ஒரு பருவத்துக்கு இரவல் தரலாம். பயன் தெரிந்தவர் பிறகு தாமே வாங்கிக்கொள்வார். இன்னொன்று, பயறுவகைத் தீவனம் வேரூன்றித் தழைச்சத்தைச் சேர்ப்பதற்கு முன்பே யூரியாவைக் குறைத்தால் முதல் ஓரிரு ஆண்டுகள் தீவனம் குறையலாம், பாலும் குறையலாம். அந்த இழப்பைத் தாங்க, காற்றுப் புகாமல் புளிக்கவைத்துச் சேமிக்கும் பசுந்தீவனமான ஊறுகாய்த்தீவனத்தின் பொது இருப்பு ஒன்று சங்கத்திடம் இல்லாத வரை, துணிந்து மாறுபவர்தான் முதலில் அடிபடுவார், மாறாமல் காத்திருப்பவரே புத்திசாலியாகத் தெரிவார்.

எங்களிடம் கணக்குக் கேட்பதில் மட்டும் சங்கம் எந்தத் தாமதமும் செய்வதில்லை. 20 சென்டிமீட்டர் நீள அகல ஆழத்தில் மண்ணை வெட்டியெடுத்து அதிலுள்ள மண்புழுக்களை எண்ணி அனுப்பச் சொன்னீர்கள். பால் கறந்து முடித்த கையோடு குனிந்து எண்ணி அனுப்பினேன். எட்டு இருந்தன. அந்த எட்டுக்கும் என்ன ஆயிற்று என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை, ஆனால் பால் உறையில் ‘மண்ணைக் காக்கும் பண்ணைகளிலிருந்து’ என்ற வாசகம் மட்டும் அழகான பச்சை எழுத்தில் வந்துவிட்டது. வழவழப்பான தாளில் கையேடு அச்சிட முடிகிறது, அந்தக் கையேட்டின் அட்டையில் உள்ள கருவியைக் கொட்டகையிலிருந்து வெளியே கொண்டுவர மட்டும் முடிவதில்லை. கூட்டுறவின் ஏழு கொள்கைகளில் ஐந்தாவது கல்வியும் பயிற்சியும் பற்றியது. அதைக் குறைவில்லாமல் நிறைவேற்றுகிறீர்கள். மூன்றாவது, உறுப்பினர்களின் பொருளாதாரப் பங்கேற்பு. மூலதனத்தில் ஒரு பகுதியாவது வழக்கமாகச் சங்கத்தின் பொதுச் சொத்தாக இருக்கும் என்கிறது அது. அதையும் ஒருமுறை எடுத்துப் படித்தால் நன்று.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்தருளுங்கள். வரும் பொதுக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் கருவிகளையும் விதையையும் பொதுவில் வழங்கும் திட்டத்தைச் சேர்க்குமாறும், அத்திட்டம் நடைமுறைக்கு வந்து ஒரு முழுப் பருவம் கழியும் வரை சுற்றறிக்கையின் காலக்கெடுவை நிறுத்திவைக்குமாறும், இருக்கும் ஒரே கருவிக்காவது அடுத்த அறுவடைக்கு முன் வரிசைப் பட்டியலை வெளியிடுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். முதல் குழுவை அமைக்க என்னையும் என் அண்டை நிலத்தார் ஆறு பேரையும் கூப்பிடலாம், பேசி வைத்திருக்கிறோம்.

குதிரைமசால் விதையில் பாதி மூட்டை இன்னும் என் தொழுவத்துப் பரண்மேல் இருக்கிறது. அதனுடன் வாங்கிய, வேரில் தழைச்சத்தைச் சேர்க்க உதவும் ரைசோபியம் நுண்ணுயிர்ப் பொட்டலத்தின் காலாவதித் தேதிக்கு இன்னும் ஐந்து வாரம் உள்ளது.

இப்படிக்கு,
தங்கள் சங்கத்தின் உறுப்பினர் ஒருவர்